கைக்குழந்தையோட தீம் பார்க் போகலாமா?

ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் ரெடி. வீட்டில் நாலு மாசக் குழந்தை. தூக்கிட்டுக் கிளம்பலாமா? போகலாம். ஆனா அங்கே கவனிக்க வேண்டிய முதல் விஷயம் ரைடு இல்லை, வெயில்.

ஏன்?
பெரியவர்களைவிடக் கைக்குழந்தையின் உடம்பு சீக்கிரம் சூடாகும். வியர்த்து அதைத் தணிக்கும் திறனும் குறைவு.

தண்ணீர் கொடுக்கலாமா?
6 மாதம் வரை வேண்டாம். தாகத்துக்கும் தாய்ப்பாலே போதும். வழக்கத்தைவிட அடிக்கடி கொடுக்கணும்.

சன்ஸ்கிரீன்?
6 மாதத்துக்குள் நிழலும், கை கால் மூடும் மெல்லிய பருத்தி உடையும்தான் முதல் பாதுகாப்பு.

ஸ்ட்ரோலரைத் துணியால் மூடினால்?
பலரும் செய்யும் தவறு இதுதான். வெயில் மறையும், ஆனா காற்றும் நின்று, உள்ளே சூடு ஏறும். குடை மாதிரி நிழல் கிடைச்சா போதும்.

எப்போ திரும்பணும்?
பால் குடிக்க மறுத்தாலோ, பல மணி நேரம் டயப்பர் நனையாவிட்டாலோ, எழுப்பியும் சோர்ந்தே கிடந்தாலோ உடனே டாக்டரிடம் போங்க. 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சலே அவசரம்தான்.

டிக்கெட் காசு வீணாகுதேன்னு யோசிக்காதீங்க. பார்க் அடுத்த வருஷமும் இருக்கும்.