இடுப்பை இழுக்கும் கட்டில்

பசறைப் பக்கத்துத் தோட்டங்களில் கொழுந்து எடுக்கும் பெண்களிடம் உடம்புக்கு என்ன என்று கேட்டால், பேச்சு இடுப்பில்தான் தொடங்கும். பல தோட்டங்களில் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம், விழ 18 கிலோ எடுக்க வேண்டும். எடுத்ததை முதுகில் போட்டுக்கொண்டு சரிவில் ஏறி, கொழுந்து நிறுக்கும் மடுவம் வரை நடக்கவும் வேண்டும். நமுனுகுல அடிவாரத்தில் சமதரை ஏது? 'கத்தி வைக்காமல் டிஸ்க்கைச் சரியாக்கும்' இயந்திரத்தின் விளம்பரம் கைபேசி வழியாக இப்போது லயத்துக்கும் வந்துவிட்டது. காதில் கிடப்பதை அடகு வைக்குமுன் அந்த இயந்திரம் என்னதான் செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

முதுகெலும்புகளுக்கு நடுவே 23 வட்டுகள் (டிஸ்க்) உண்டு. ஒவ்வொன்றின் நடுவிலும் நீர் நிறைந்த கூழ். அதைச் சுற்றி வெங்காயம் போல அடுக்கடுக்காக நார் வளையம். வளையம் கிழிந்து கூழ் பிதுங்கி நரம்பைத் தொட்டால், வலி பிட்டத்தில் தொடங்கிக் கால் வரை இறங்கும். பெரியவர்களின் வட்டுக்குள் இரத்தக் குழாய்கள் அநேகமாக இல்லை. பகலில் பாரம் அழுத்தும்போது நீர் வெளியேறும், இரவில் படுத்ததும் திரும்ப ஊறும். காலையில் நாம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரமாக இருப்பது இதனால்தான்.

சுவீடனின் டாக்டர் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960களில் உயிருள்ள மனிதர்களின் வட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்கும்போது இருப்பதைவிடப் படுக்கும்போது அது வெகுவாகக் குறைகிறது. குனிந்தபடி 20 கிலோவைத் தூக்கினாலோ இரு மடங்கைத் தாண்டுகிறது. அந்த 20 கிலோ ஏறக்குறைய ஒரு முழுப் பேரின் கொழுந்துப் பாரம்.

அப்படியானால் இழுத்து அழுத்தத்தைக் குறைக்கலாமே என்ற எண்ணம் பழையது. ஹிப்போகிரட்டீஸ் காலத்திலேயே ஆளைப் பலகையில் கிடத்தி இரு பக்கமும் இழுத்திருக்கிறார்கள். இன்றைய வடிவத்துக்கு வழி காட்டியவர்களில் ஒருவர் கனடாவின் டாக்டர் அலன் டயர். அவருடைய 'வாக்ஸ்-டி' இயந்திரம் 1990களில் பரவியது. இந்த வகைக் கட்டில் இரண்டு துண்டாக இருக்கும். பலவற்றில் கீழ் விலாவைச் சுற்றி ஒரு பட்டி, இடுப்பில் ஒரு பட்டி. கீழ்த்துண்டு மெல்ல விலகி இடுப்பை இழுக்கும், சற்று நேரம் நிறுத்தும், தளர்த்தும், மறுபடி இழுக்கும். தசை முரண்டு பிடிக்காதபடி விசையைக் கணினி கூட்டிக் குறைக்கும். ஒரு தடவை அரை மணி நேரம். இருபது, முப்பது தடவை என்று 'பெக்கேஜ்' போடுவார்கள்.

இழுக்கும்போது வட்டுக்குள் அழுத்தம் இறங்குவதை 1994இல் அளந்தே காட்டியிருக்கிறார்கள். ஆனால் அழுத்தம் இறங்குவது வேறு, நோய் தீர்வது வேறு. நெதர்லாந்தில் 60 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, எல்லோரையும் இதே வகைக் கட்டிலில் கிடத்தினார்கள். ஒரு பிரிவுக்கு உண்மையான இழுவை, மற்றதற்குப் பேருக்கு ஓர் இழுப்பு. 2009இல் வெளியான முடிவின்படி இரு பிரிவுக்கும் வலி குறைந்தது, ஏறக்குறைய ஒரே அளவில்! 2013இல் கொக்ரேன் குழு 32 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் இழுவையால் சொல்லும்படியான பயன் தெரியவில்லை. இங்கிலாந்தின் 2016 மருத்துவ வழிகாட்டி இடுப்பு வலிக்கு இழுவை வேண்டாம் என்றே சொல்கிறது.

பிறகு ஏன் 'எனக்குச் சுகமாச்சு' என்று பலர் சொல்கிறார்கள்? பொய் சொல்லவில்லை. பிதுங்கிய கூழைப் பெரும்பாலும் உடம்பே மெல்லக் கரைத்துவிடுகிறது. பெரும்பாலானோருக்குச் சில வாரங்களிலிருந்து மூன்று மாதத்துக்குள் கால் வலி தணிகிறது. பெக்கேஜ் முடியவும் வலி போகவும் சரியாக இருக்கும், பெயர் இயந்திரத்துக்குப் போகும். எலும்பு தேய்ந்து பலமிழந்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்த இழுவை கூடவே கூடாது.

அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள். முழுக்கப் படுத்தே கிடக்காமல் வலி பொறுக்கும் அளவுக்கு நடங்கள். எழுந்தவுடன் வட்டு நீரால் விம்மியிருக்கும். முதல் ஒரு மணி நேரம் குனிந்து தண்ணீர்க் குடம் தூக்குவதை வீட்டில் வேறு யாராவது செய்யட்டும். பதுளை பெரியாஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித்தரும் ஃபிசியோதெரபிக்குக் கட்டணம் இல்லை. ஒன்றில் மட்டும் தாமதம் வேண்டாம்: சிறுநீர் போக முடியாமல் அடைத்தாலோ, மர்ம உறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலோ, கால் திடீரெனச் செயலிழந்தாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். அதற்குக் கட்டில் உதவாது, சத்திரசிகிச்சையே தேவைப்படலாம்.