சட்டைக் கழுத்தின் சிறு துணித்துண்டு ஒரு குழந்தையை அழவைப்பது ஏன்?

இவ்வரியை வாசிக்கும் இக்கணத்தில் உங்கள் முதுகில் சட்டை உராய்வதை உணர்கிறீர்களா? நான் கேட்கும் வரை உணர்ந்திருக்கமாட்டீர்கள்.

கல்யாண வீட்டு வாசலில் நிற்கும் அநுபவசாலியான பெரியவர், வருவோரில் சிலரை உள்ளே அழைத்து, சிலரைத் திண்ணையில் அமர்த்தி, கூட்டம் நெரியாமல் காப்பதுபோல, தோலும் செவியும் கண்ணும் ஓயாது அனுப்பும் செய்திகளில் அவசியமானவற்றை ஏற்று, அற்பமானவற்றை மூளை ஒதுக்கிவிடுகிறது. ஆட்டிஸம் உள்ள குழந்தைகள் பலரிடம் இவ்வொழுங்கு பிசகுவதால், துணித்துண்டு முள்ளாகக் குத்துகிறது; மிக்ஸியின் ஓசையோ இடியாகிறது.

ஐம்புலன்களை மட்டுமே எண்ணிப் பழகிய நாம் மறந்துவிடும் இரண்டு உணர்வுகளை, அதாவது உட்செவியில் உறையும் சமநிலை உணர்வையும், கைகால் எங்கிருக்கிறது என்று தசையும் மூட்டும் சொல்லும் உணர்வையும், பிரதானமாகக் கொண்டு, இப்பிசகைச் சீராக்க ஒரு சிகிச்சையை வகுத்தவர், 1972-இல் இதுபற்றி நூல் வெளியிட்ட அமெரிக்க அம்மையார் ஜீன் ஏயர்ஸ். ஊஞ்சலாடுவதும், ஏறிக் குதிப்பதும், கனத்த பொருளைத் தள்ளுவதுமே அங்கே ஔஷதம். பார்ப்பவருக்கு அது வெறும் விளையாட்டு.

பலன் நிச்சயமா என்கிறீர்களா? சான்றுகள் சொற்பமே என்று 2012-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் எச்சரித்தது. ஆகவே, ஒரு கால எல்லை வகுத்து, உடுத்துவதும் உண்பதும் சுலபமாகின்றனவா என்று பெற்றோர் குறித்துவருவதே உசிதம்.