திருநீறும் மாத்திரையும்

மனச்சிதைவு நோய் பெரும்பாலும் பதினெட்டிலிருந்து முப்பது வயதுக்குள் தலைகாட்டுகிறது. நோய் என்று தெரியும்படி அது வருவதில்லை. நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை இரவெல்லாம் விழித்திருக்கிறான், குளிக்க மறுக்கிறான், தெருவில் இரண்டு பேர் நின்றால் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்கிறான். வீட்டில் முதலில் திமிர் என்கிறார்கள். அடுத்து கெட்ட சகவாசம், அதற்கும் அடுத்து காத்து கருப்பு. சோதிடர், கோடாங்கி, தாயத்து எல்லாம் முடிந்த பிறகுதான் மருத்துவர் நினைவுக்கு வருகிறார்.

இந்த வரிசையை அறியாமை என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் குடும்பம் அந்த நேரத்தில் தேடுவது சிகிச்சையை மட்டும் அல்ல, நடந்ததற்கு ஒரு காரணத்தையும்தான். எந்தக் காரணத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பதைப் பொறுத்து வீட்டுக்குள் பேச்சு மாறுகிறது. திமிர் என்றால் குற்றவாளி பிள்ளை. செய்வினை என்றால் குற்றவாளி சித்தப்பாவோ பக்கத்து வீட்டுக்காரரோ. வளர்ப்பு சரியில்லை என்றால் வழக்கம்போல் அம்மா. ஏழரைச் சனி என்ற விளக்கம் மட்டும் சற்று வேறு மாதிரியானது. அது வீட்டில் இருக்கும் யார் மேலும் பழி போடுவதில்லை. விலகும் காலம் என்று ஒன்றையும் சொல்லிவைக்கிறது. மருத்துவப்படி அது தவறான விளக்கம். இருந்தும் உடைந்துபோன ஒரு குடும்பத்தால் அதைப் பிடித்துக்கொண்டு நாளை ஓட்ட முடிகிறது.

அப்படி வரும் குடும்பங்களுக்காகவே பெயர்பெற்ற தலங்கள் தமிழ்நாட்டில் பல உண்டு. திருச்சிக்கு மேற்கே காவிரிக் கரையில் குணசீலம் பிரசன்ன வெங்கடாசலபதி கோயில், மலைமேல் ஆஞ்சநேயர் வீற்றிருக்கும் சோளிங்கர், தென்மாவட்டத்தில் புளியம்பட்டி அந்தோனியார் கோயில், ராமநாதபுரம் மாவட்டத்தில் ஏர்வாடி தர்கா. யார் எந்த மதம் என்று இங்கெல்லாம் பார்ப்பதில்லை. ஏர்வாடிக்கு இந்துக் குடும்பங்கள் போவதும், புளியம்பட்டிக்கு எல்லா மதத்தவரும் வருவதும் பழைய வழக்கம். குணசீலத்தில் 48 நாள், அதாவது ஒரு மண்டலம், தங்குவது முறை. உச்சிகால பூஜையிலும் இரவு பூஜையிலும் பாதிக்கப்பட்டவரின் முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்கள்.

இப்படித் தங்குவதால் பலன் உண்டா என்பதைப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தைச் சேர்ந்த ரகுராமும் அவருடன் இருந்தவர்களும் ஆராய்ந்திருக்கிறார்கள். வேலாயுதம்பாளையம்புதூர் என்ற சிற்றூரில் முத்துசாமி என்பவரின் சமாதிமேல் எழுந்த கோயில் ஒன்று உண்டு. அங்கே வந்து தங்கிய 31 பேரை அவர்கள் கவனித்தார்கள். முடிவு 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. பெரும்பாலோருக்கு மனச்சிதைவு நோய். சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். மனநோய்க்கான மருந்து எதுவும் தரப்படவில்லை. பேயோட்டுவது போன்ற சடங்கும் கிடையாது. காலையில் சிறிய பூஜை, பிறகு கோயிலைப் பெருக்குவது, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற வேலைகள். கட்டணம் இல்லை. நோயின் கடுமையை அளக்கும் மதிப்பெண் சராசரியாக 52.9-இலிருந்து 42.9-ஆகக் குறைந்திருந்தது. சில நவீன மருந்துகள் தரும் பலனுக்கு இது ஈடானது என்று ஆய்வாளர்கள் குறிப்பிட்டார்கள்.

இதை வைத்துக்கொண்டு கோயில் போதும், மருந்து வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. 31 பேர் மிகச் சிறிய எண்ணிக்கை. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவும் இல்லை. இந்நோய் தானாகவே ஏறி இறங்கும் இயல்புடையது. ஏறியிருக்கும் நேரத்தில்தான் கோயிலுக்கு அழைத்து வருவார்கள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். தெய்வ சக்தி பற்றி ஆய்வாளர்களும் எதுவும் சொல்லவில்லை. அச்சுறுத்தாத, ஆதரவான இடம் என்பதையே அவர்கள் காரணமாகக் காட்டினார்கள். இதில் கவனிக்க வேண்டியது, நோயாளி அங்கே தனியாக இல்லை என்பது. வீட்டிலிருந்து ஒருவர் துணைக்கு வந்து கூடவே தங்குகிறார். வீட்டில் கடிகாரம் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்த அதே அண்ணன் இங்கே வேலைவெட்டி இல்லாமல் தம்பி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். அடுத்த திண்ணையில் இதே கதையுடன் இன்னொரு குடும்பம். பத்து வருடம் கழித்து முதல்முறையாக ஒரு தாய் வெட்கப்படாமல் நடந்ததைச் சொல்லி அழ முடிகிற இடம் அது.

திட்டுவது என்பது சாதாரண விஷயமல்ல என்பதை லண்டன் ஆய்வுகள் காட்டின. 1950-களில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர், மனநல மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களில் யாருக்கு நோய் மீண்டும் முற்றுகிறது என்று தேடினார். பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்களைவிட வாடகை அறையில் தங்கப் போனவர்கள் நன்றாக இருந்தார்கள். காரணம் பாசம் இல்லாமை அல்ல. ஓயாத குறை சொல்லல், வெறுப்பு, ஒரு நிமிடம்கூடக் கண்ணை எடுக்காத அளவுமீறிய கவலை ஆகிய மூன்றில் ஒன்றாவது மிகுந்த வீடுகளில் நோய் திரும்புவது அதிகம் என்று பின்னால் வந்த ஆய்வுகள் நிறுவின. 1980-களில் இதே அளவுகோலைச் சண்டிகரில் வைத்துப் பார்த்தபோது, அங்குள்ள குடும்பங்களில் இவை மொத்தத்தில் லண்டனைவிடக் குறைவாக இருந்தன. கூட்டுக்குடும்பம், விதியை ஏற்கும் மனம் எனப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். பழி போடாத ஒரு விளக்கம் வீட்டில் இருந்தால் குரல் தணியும் என்பதை மட்டும் நம்பலாம்.

குடும்பத்தைச் சேர்த்துக்கொள்ளும் வழியை இந்திய மருத்துவர்கள் இந்த ஆய்வுகளுக்காகக் காத்திராமலே தொடங்கிவிட்டார்கள். 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் இடம் போதவில்லை. அங்கிருந்த டாக்டர் வித்யா சாகர் வளாகத்தில் கூடாரங்கள் போட்டு, நோயாளியோடு உறவினரையும் தங்கவைத்தார். அவர்களைக் கூட்டி உட்காரவைத்து நோயை விளக்கினார், அதற்குச் சமய நூல்களின் கதைகளையும் எடுத்துக்கொண்டார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் உறவினர் ஒருவர் கூடவே தங்கும் முறையை ஆரம்பத்திலேயே கொண்டுவந்தது. சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984-இல் நிறுவிய ஸ்கார்ஃப் அமைப்பும் குடும்பத்தை விட்டு நோயாளியைத் தனியே பார்த்ததில்லை. கோயில் திண்ணை தானாகச் செய்ததை இவர்கள் மருந்தோடு சேர்த்துச் செய்தார்கள் என்று சொல்லலாம்.

நம்பிக்கை மருந்துக்கு எதிராக நிற்கும்போது விலை அதிகம். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்ப முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்களைக் கொண்டுபோய் விட்டவர்கள் கொடியவர்கள் அல்ல, வேறு வழி தெரியாத பெற்றோரும் உடன்பிறந்தோரும்தான். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளியைச் சங்கிலியிடுவதை எந்த வடிவிலும் தடை செய்கிறது. சங்கிலி இல்லாத தாமதமும் கெடுதல்தான். முதல் அறிகுறிக்கும் முதல் மாத்திரைக்கும் இடையில் காலம் நீள நீள, மருந்து பிடிப்பது குறைகிறது. கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்ற யோசனை இந்த இடைவெளியில்தான் வருகிறது. அதனால் நோய் குணமாவதில்லை, இன்னொரு வீட்டுப் பெண்ணும் சேர்ந்து சிக்கிக்கொள்கிறாள்.

நம்பிக்கையையும் மருந்தையும் சேர்க்கும் முயற்சியாக ஏர்வாடியில் ‘தவா–துவா’ திட்டம் நடக்கிறது. மருந்தும் பிரார்த்தனையும் என்பது பொருள். தொழ வந்தவரை விரட்டாமல், தொழுத கையோடு மனநல மருத்துவரிடமும் அனுப்புகிறார்கள். குணசீலத்திலும் மனநல மறுவாழ்வு மையம் இயங்குகிறது. ஊரிலேயே சிகிச்சையைத் தொடங்க நினைப்பவர்களுக்கு மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

மண்டலக் கணக்குக்கு 48-ஆவது நாளில் முடிவு உண்டு. மாத்திரைக்கு அப்படி இல்லை. முதல் முறை வந்த நோய்க்கே ஓரிரு ஆண்டுகள் தொடர்ந்து சாப்பிட வேண்டியிருக்கும், பலருக்கு அதைவிட நீளும். நன்றாகிவிட்டதே என்று நிறுத்துவதுதான் நோய் திரும்புவதற்குப் பொதுவான காரணம். பழைய பிள்ளை அப்படியே திரும்பி வருவான் என்று காத்திருந்த வீடு, காலையில் எழுந்து குளித்துக் கடைக்குப் போய்வருகிற பிள்ளையைப் பார்த்துத் திருப்திப்படக் கற்றுக்கொள்வது இந்த ஆண்டுகளில்தான். வேண்டுதலும் மாறுகிறது. முழுசாகக் குணமாக்கு என்று முடிந்த மஞ்சள் துணிக் காசு, இந்த வருடம் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் பார்த்துக்கொள் என்றாகிறது.

பெற்றோருக்கு வயதாகும்போது எழும் கேள்விதான் கடினமானது: எங்களுக்குப் பிறகு யார்? பல வீடுகளில் இதை வாய்விட்டுப் பேசுவதே இல்லை. பேசுகிற வீடுகளில் கைமாற்றம் மெதுவாக நடக்கிறது. மாதம் ஒருமுறை மருந்து வாங்கப் போகும் அம்மாவோடு முதலில் தங்கை கூடப் போகிறாள். சில மாதம் கழித்து மருத்துவர் அவளிடமே பேசுகிறார். பிறகு ஒரு மாதம் முழங்கால் வலி என்று அம்மா வீட்டில் இருந்துவிட, தங்கையும் அண்ணனும் மட்டும் பஸ் ஏறுகிறார்கள்.