மடங்கிய விரல்கள் நிமிர்வது எப்படி?

தொழுநோய் முற்றியவர்களின் விரல்கள் ஏன் கொக்கிபோல் மடங்கிக்கொள்கின்றன? பலர் நினைப்பதுபோல் விரலில் கோளாறு இல்லை. முழங்கையின் உட்புறம் இடித்துக்கொண்டால் 'சுரீர்' என்கிறதே, அந்த நரம்பைக் கிருமி தாக்குகிறது. அதை நம்பியிருக்கும் உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழக்கின்றன. முன்கையின் பெரிய தசைகளோ விடாமல் இழுக்கின்றன. விளைவு, சோற்றை அள்ளினால் விரலிடுக்கில் ஒழுகிவிடும்.

கொல்லிமலையில் 1914இல் பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து இதற்கு வழி தேடினார். மணிக்கட்டை மேலே தூக்கப் பல தசைகள் உண்டு. ஒன்றை எடுத்தாலும் மற்றவை சமாளிக்கும். அந்த ஒன்றின் தசைநாணைக் கழற்றி, காலிலிருந்து எடுத்த மெல்லிய நாணை அதில் ஒட்டுப்போட்டு, நான்கு இழைகளாகப் பிரித்து நான்கு விரல்களிலும் தைத்தார். இழை தளர்ந்தால் பயனில்லை, இறுகினால் விரல் மடங்காது. அறுவையின் நுட்பமே அந்த இழுவிசையில்தான்.

சில வாரம் மாவுக்கட்டு. பிறகு கை புதிதாகப் படிக்க வேண்டும்: மணிக்கட்டைத் தூக்க நினைத்தால் விரல் நிமிரும்! நாள்தோறும் பழகப் பழக மூளை அதை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் நரம்பு கெட்டதால் கையில் போன உணர்ச்சியை இந்த அறுவை மீட்டுத் தராது. சுடுபாத்திரத்தைத் தொடுமுன் கண்ணால் பார்த்தே ஆகவேண்டும்.

தோலில் உணர்ச்சியற்ற வெளிர் தேமல் தெரிந்தால் அது தொழுநோயாக இருக்கலாம்; சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்து இலவசம்.