கருத்தடையும் கருப்பைவாய் நலமும்

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியே செல்லும் சாலை, சவ்வாது மலைத்தொடரில் உள்ள காவலூரை அடைகிறது. அங்கே வைணு பாப்பு வானாய்வகத்தில் 1986ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற 2.34 மீட்டர் தொலைநோக்கி, கண்ணுக்கெட்டா விண்மீன்களை ஆராய்ந்து வருகிறது. அதே மலையில் சாமை விளைவித்தும் தேன் எடுத்தும் வாழும் மலையாளிப் பழங்குடிப் பெண்களின் உடலில் ஒரு நோய் கருக்கொள்ளுமாயின், அதைக் காணத் தொலைநோக்கி வேண்டியதில்லை. ஒரு விளக்கும் சிறிது அசிட்டிக் அமிலமும் பயிற்சி பெற்ற ஒரு செவிலியும் போதும். கருப்பைவாய்ப் புற்றுநோயைப் பற்றியே இங்குக் கூறுகிறோம்.

இந்நோய்க்குக் காரணம் மனிதப் பாப்பிலோமா வைரஸ் என்னும் நுண்ணுயிரி. இத்தொடர்பை நிறுவிய செருமானிய அறிஞர் ஹரால்டு சூர் ஹவுசன் 2008ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். இவ்வைரசின் 16, 18 ஆகிய இருவகைகளே இந்நோயில் ஏறத்தாழ 70 விழுக்காட்டிற்குக் காரணமாகின்றன. உடலுறவின்வழிப் பரவும் இத்தொற்று பெரும்பாலோரிடம் ஓரிரு ஆண்டுகளில் தானே மறைந்துவிடும். சிலரிடம் மட்டும் நிலைத்து, பத்து இருபது ஆண்டுகளில் புற்றாக மாறும். இது ஒழுக்கக்கேட்டின் அடையாளமன்று. கணவன் ஒருவனையே அறிந்த பெண்ணுக்கும் வரக்கூடியது.

இனி, கருத்தடை முறைகளுக்கும் இதற்கும் உள்ள தொடர்பைக் காண்போம். ஆணுறையைத் தவறாது பயன்படுத்தினால் தொற்று வாய்ப்புக் கணிசமாகக் குறையும். எனினும், உறை மறைக்காத தோற்பகுதி வழியே பரவலாம் ஆதலின் காப்பு முழுமையானதன்று. கருத்தடை மாத்திரையை ஐந்தாண்டுகளுக்கு மேல் உண்போர்க்கு இப்புற்றுநோய் வாய்ப்புச் சற்று உயர்கிறது. நிறுத்தியபின் படிப்படியாகக் குறைந்து, பத்தாண்டுகளில் பழைய நிலையை எய்துகிறது. இதற்காக மருத்துவரைக் கேளாமல் மாத்திரையைக் கைவிடுதல் தகாது. வேண்டாத கருவினால் வரும் இன்னல் அதனினும் பெரிதாகலாம். காப்பர்-டி பொருத்திக்கொண்ட பெண்களிடம் இப்புற்றுநோய் குறைவாகக் காணப்படுவதாக 2011இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வு காட்டியது. ஆயினும் அது தொற்றைத் தடுப்பதன்று.

தமிழகத்தில் மிகுதியாகக் கைக்கொள்ளப்படுவது பெண்களுக்கான குடும்பநல அறுவையாகும். அது கருவைத் தடுக்கும், வைரசைத் தடுக்காது. இங்கேதான் இடர் ஒளிந்துள்ளது. அறுவை முடிந்த பெண், "இனி ஆஸ்பத்திரிக்கு என்ன வேலை?" என்று இருந்துவிடுகிறாள். நோய் முற்றும் வயதோ அதன் பின்னரே வருகிறது. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 30 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒருவரே கருப்பைவாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர். சமவெளியும் நகரமும் சேர்ந்த கணக்கே இதுவென்றால், பேருந்துக்கு நெடுந்தொலைவு நடக்கும் மலைமகளின் நிலையை உய்த்துணரலாம்.

இதற்கு வழிகாட்டியதும் தமிழகமே. திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையை மையமாகக் கொண்டு 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு தொடங்கப்பெற்றது. செவிலியர் சிற்றூர்தோறும் சென்று, 31,000க்கும் மேற்பட்ட பெண்களின் கருப்பைவாயில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்த்தனர். மாறுதலுற்ற இடம் வெண்மையாகத் தோன்றும். அதைக் குளிரூட்டி அழிப்பர். 2007இல் வெளியான முடிவின்படி, அப்பகுதியில் இந்நோய் 25 விழுக்காடும் இதனால் நேரும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்தன. சிற்றூரில் இயன்றது மலையூரிலும் இயலும்.

தடுப்பூசி மற்றொரு கவசம். இளம்பெண்களுக்கு ஒரே தவணையும் போதும் என உலக நலவாழ்வு நிறுவனம் 2022இல் ஏற்றது. 14 வயதுச் சிறுமியர்க்கு இதனைப் படிப்படியாக வழங்கத் தமிழக அரசு 2025இல் 36 கோடி ரூபாய் அறிவித்தது. எனினும், ஊசி பெற்றவரும் முப்பது வயதுக்குமேல் பரிசோதனையைத் தவிர்த்தலாகாது.

ஆகவே, கருத்தடை பற்றிப் பேசும் ஒவ்வொரு மருத்துவ அறையிலும் பரிசோதனை பற்றியும் பேசப்படல் வேண்டும். மாணவர்கள் இச்செய்தியைத் தத்தம் அன்னையரிடமும் தமக்கையரிடமும் சேர்ப்பார்களாக. வெட்கத்தினால் மூடிவைத்த வாயிலை அறிவினால் திறப்பது, மூத்தோர்க்கும் ஆசிரியர்க்கும் உரிய கடமையாகும். நாணம் நற்பண்பே, ஆயின், அது ஓர் உயிருக்கு விலையாதல் ஆகாது.