ஞாயிற்றுக்கிழமை டாக்டர் இருப்பாரா?

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, ஜி.எச்.ல டாக்டர் இருக்க மாட்டாங்க. நாளைக்குக் காலையில போய்க்கலாம்." இந்தப் பேச்சு எழாத வீடு நம் ஊரில் குறைவு. பல நேரம் அதனால் ஒன்றும் கெட்டுவிடுவதில்லை. நாள்பட்ட மூட்டுவலி, மாதாமாதம் வாங்கும் சர்க்கரை மாத்திரை என்றால் திங்கள்கிழமைதான் சரியான நாள். ஆனால் அதே வார்த்தையை நெஞ்சுவலிக்கும், திடீரென்று ஒரு பக்கம் கை கால் விழுந்ததற்கும் சொல்லிவிடுகிறோம் பாருங்கள், ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

கூடவே கோபமும் வரும். "போலீஸ்காரங்க ஞாயிறு வேலை பாக்குறாங்க, பஸ் டிரைவர் பாக்குறாரு, டாக்டருக்கு மட்டும் லீவா?" கேள்வியில் தப்பில்லை. மூடியிருப்பது எது, திறந்திருப்பது எது என்று தெரிந்துகொண்டு கேட்டால் பதில் வேறு மாதிரி வரும்.

மூடியிருப்பது ஓ.பி. மட்டும்

அரசு மருத்துவமனையில் நம்மில் பலர் பார்த்திருப்பது புறநோயாளிகள் பிரிவைத்தான். சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, டாக்டரைப் பார்த்து, மருந்து வாங்கி வந்துவிடுவோம். ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களில் இயங்காமல் இருப்பதும் நேரம் குறைவதும் இந்தப் பிரிவுதான். சில சிறப்புப் பிரிவுகளுக்குக் கிழமையே தனியாக உண்டு. வார நாளிலும் கிழமை தெரியாமல் போனால் திரும்பித்தான் வர வேண்டும்.

அவசர சிகிச்சைப் பிரிவு, பிரசவ வார்டு, தீவிர சிகிச்சைப் பிரிவு, உள்நோயாளிகள் வார்டு ஆகியவற்றுக்கு ஞாயிறு கிடையாது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் டாக்டர்கள் யூனிட் யூனிட்டாகப் பிரிந்து, ஒவ்வொரு நாளும் ஒரு யூனிட் அட்மிஷன் பார்க்கும். ஞாயிறு டூட்டி முறை வைத்து மாறி வரும். ஆக, டாக்டர்கள் வார இறுதியில் வேலை பார்க்க வேண்டுமா என்று கேட்டால், ஏற்கெனவே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அவசரப் பிரிவுக்குப் போனவர்களுக்கு இன்னொரு மனக்குறை உண்டு. "எனக்குப் பின்னாடி வந்தவரை முன்னாடி உள்ளே விட்டாங்க." அங்கே வந்த வரிசையை வைத்துப் பார்ப்பதில்லை. உயிருக்கு ஆபத்து என்றால் சிவப்பு, கொஞ்சம் கவனம் வேண்டும் என்றால் மஞ்சள், காத்திருக்கலாம் என்றால் பச்சை என்று நோயாளியை முதலில் தரம் பிரிப்பார்கள். இரண்டு நாள் சளியோடு ஞாயிறு மாலை அங்கே போனால் நீங்கள் பச்சை. விபத்தில் அடிபட்ட ஒருவர் வந்தால் உங்கள் முறை தள்ளிப்போகத்தான் செய்யும்.

ஆள் இருக்கிறார், எல்லாமும் இருக்கிறதா?

ஞாயிறும் திங்களும் ஒன்று என்று சொல்லிவிடவும் முடியாது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் அவசரப் பிரிவு வழியாகச் சேர்க்கப்பட்ட சுமார் 38 லட்சம் அனுமதிகளை ஆராய்ந்து 2001-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அதிக இறப்புக்குக் காரணமான 100 நோய்களில் 23 நோய்களுக்கு, வார இறுதியில் சேர்ந்தவர்களிடம் இறப்பு விகிதம் கூடுதலாக இருந்தது. குறைவாக இருந்த நோய் ஒன்றுகூட இல்லை. இங்கிலாந்தில் இதே விஷயம் பெரிய அரசியல் சண்டையாகி, 2016-ல் இளநிலை டாக்டர்கள் வேலைநிறுத்தம் வரை போனது. வார இறுதியில் வருபவர்கள் ஏற்கெனவே நோய் முற்றி வருகிறார்கள், அதனால்தான் இறப்பு கூடுகிறது என்றும் ஒரு வாதம் உண்டு. நம் வீடுகளில் "நாளைக்குப் போய்க்கலாம்" என்று தள்ளிப்போடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த வாதம் புரியும்.

டாக்டரை மட்டும் வரவழைத்துவிட்டு லேப், ஸ்கேன், ரத்த வங்கி, மருந்தகம் பாதி ஆளோடு நடந்தால் அவர் கையில் இருப்பது ஸ்டெதஸ்கோப் மட்டும்தான். பக்கவாதம் வந்தவருக்கு அது ரத்தக் கசிவா, அடைப்பா என்று தெரிய உடனே சி.டி. ஸ்கேன் வேண்டும். அடைப்பு என்றால் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எவ்வளவு பெரிய டாக்டராக இருந்தாலும் ஸ்கேன் இல்லாமல் அந்த ஊசியைப் போட மாட்டார்.

168 மணி நேரக் கணக்கு

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். அவசரப் பிரிவில் எந்நேரமும் ஒரே ஒரு டாக்டராவது இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பயிற்சி டாக்டர்களுக்கு வாரம் 48 மணி நேரம், தொடர்ச்சியாக 12 மணி நேரத்துக்கு மேல் பொதுவாகக் கூடாது என்று மத்திய அரசு 1992-லேயே சொல்லியிருக்கிறது. அந்தக் கணக்கை எல்லோருக்கும் வைத்தால் ஒரு நாற்காலிக்கு மூன்றரை டாக்டர் தேவை. மகப்பேறு விடுப்பு, விபத்து வழக்கில் கோர்ட்டுக்குச் சாட்சி சொல்லப் போவது, பயிற்சி, முகாம் எல்லாம் சேர்த்தால் ஐந்து பேர் வேண்டும். இது ஒரு நாற்காலிக்கு மட்டும். அதே டாக்டர்கள்தான் காலையில் ஓ.பி., பிறகு வார்டு ரவுண்ட்ஸ், ஆபரேஷன் எல்லாம் பார்க்க வேண்டும்.

நாலே டாக்டர் உள்ள ஒரு தாலுகா மருத்துவமனையை நினைத்துப் பாருங்கள். அங்கே மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் ஒருவர்தான் என்றால் அவருக்கு ஞாயிறே கிடையாது. ஊரைவிட்டுத் தங்கை கல்யாணத்துக்குப் போனாலும் போன் கையில் இருக்க வேண்டும். தூங்காமல் 30 மணி நேரம் நின்றவர் மருந்தின் அளவைத் தப்பாக எழுதினால் பாதிப்பு யாருக்கு? தேசிய மருத்துவ ஆணையம் 2023-ல் வெளியிட்ட முதுநிலை மருத்துவக் கல்வி விதிகளில், பி.ஜி. டாக்டர்களுக்கு வாரம் ஒரு நாள் விடுப்பு என்று எழுதியிருக்கிறார்கள். பணியின் அவசரத்தைப் பொறுத்து என்ற நிபந்தனையோடு. அந்த நிபந்தனைதான் அதிகம் அமலாகிறது என்று வார்டு பக்கம் சிரிப்பார்கள்.

அப்படியென்றால் வார இறுதியில் வேலையை எதிர்பார்க்கலாமா? தாராளமாக எதிர்பார்க்கலாம், அது இந்தத் தொழிலோடு வந்ததுதான். ஞாயிறு நின்றவருக்கு வார நாளில் உண்மையான ஓய்வு கிடைக்க வேண்டும், மூத்த டாக்டர் ஒருவரும் லேப் ஆட்களும் அன்றைக்கு உடன் இருக்க வேண்டும். இதற்கு ஆள் எண்ணிக்கை கூட வேண்டும். இருக்கிற நாலு பேரை ஏழு நாளும் சுழற்றி அதைச் செய்ய முடியாது.

எல்லா ஊரிலும் ஞாயிறு முழு ஓ.பி. வேண்டும் என்ற கோரிக்கையில் எனக்கு அவ்வளவு உடன்பாடு இல்லை. அதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் தினக்கூலிக்குப் போகிறவர்கள்; வார நாளில் வந்தால் அரைநாள் கூலி போகும். அவர்களுக்கு மாலை நேர ஓ.பி. இன்னும் உதவும். 2023-ல் திறக்கப்பட்ட நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் காலை 8 முதல் 12, மாலை 4 முதல் 8 என்று வைத்திருப்பது இதற்காகத்தான். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளுக்கு மக்களைத் தேடி மருத்துவத்தில் பெயர் பதிந்திருந்தால் வரிசையே வேண்டாம்.

ஞாயிறு அன்று என்ன செய்யலாம்?

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுதல், பேச்சுக் குழறல், பாம்புக்கடி, நிற்காத ரத்தப்போக்கு, வலிப்பு, கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கோ கடும் தலைவலியோ வந்தால் கிழமை பார்க்காதீர்கள், 108-ஐ அழையுங்கள். சொந்த வண்டியில் ஒவ்வொரு ஆஸ்பத்திரியாக ஏறி இறங்குவதைவிட, வசதி உள்ள இடத்துக்கு நேராகப் போவது நல்லது. நெஞ்சுவலிக்கு முதல் தவணையாகத் தரும் மூன்று வகை மாத்திரைகள், மொத்தம் 14, 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் வைக்கப்பட்டிருக்கின்றன. தூரத்து ஊர் என்றால் இது பெரிய உதவி.

இது அவசரமா, காத்திருக்கலாமா என்று சந்தேகமாக இருந்தால் 104-ல் கேளுங்கள். இ-சஞ்சீவனி செயலியில் டாக்டரிடம் வீடியோவில் பேசி மருந்துச் சீட்டும் வாங்கலாம். மனம் சரியில்லை, பேச ஆள் வேண்டும் என்றால் 14416. ரத்தம் தேவைப்பட்டால் இ-ரக்த்கோஷ் தளத்தில் எந்த ரத்த வங்கியில் எந்த வகை இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.

வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்பவர்களுக்குப் பெரும்பாலும் ஞாயிறு இடைவெளி விழும். அந்த நீண்ட இடைவெளியில்தான் உடலில் நீரும் பொட்டாசியமும் ஏறும். சனி, ஞாயிறு விருந்துகளில் உப்பு, இளநீர், பழச்சாறு விஷயத்தில் வீட்டார் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

கடைசியாக நாய்க்கடி. அரசு மருத்துவமனைகளில் தோலில் போடும் தடுப்பூசிக்கு 0, 3, 7, 28 என்று நாள் கணக்கு. வியாழன் கடித்து அன்றே முதல் ஊசி போட்டால் இரண்டாவது ஊசி ஞாயிறு வரும். ஞாயிறு முதல் ஊசி போட்டால் 7-வது நாளும் ஞாயிறு, 28-வது நாளும் ஞாயிறு. "லீவு நாளாச்சே" என்று விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ரேபிஸ் நோய் முற்றிய பிறகு அதைக் குணப்படுத்த மருந்தில்லை. முதல் ஊசியன்றே நான்கு தேதிகளையும் போன் காலண்டரில் அலாரத்தோடு போட்டு, ஞாயிறு அன்று எந்தப் பிரிவில் ஊசி போடுவார்கள் என்று நர்ஸிடம் கேட்டு அதிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.