பசுமை அம்மோனியாவும் எண்ணூரும்: கேள்வி கேட்கும் பாட்காஸ்ட்டுக்கு யார் காசு கொடுப்பது?

2023 டிசம்பர் 26. நள்ளிரவை நெருங்கும் நேரத்தில் எண்ணூர் பெரியகுப்பத்தில் திடீரென்று நெடி. கண் எரிகிறது, மூச்சு முட்டுகிறது. தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் தெருவில் ஓடினார்கள். கப்பலில் வரும் அம்மோனியாவை கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்குக் கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள்.

அதற்கு மூன்று வாரம் முன்புதான் மிக்ஜாம் புயல். வெள்ளத்தோடு மணலி பக்கமிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை படர்ந்திருந்தது. படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாம் கறுப்பு. மீன் வாங்கவே ஆட்கள் தயங்கினார்கள். அந்தக் கறை போவதற்குள் இந்த நெடி.

சில வாரங்கள் எண்ணூர் டிரெண்டிங்கில் இருந்தது. கேமராக்கள் வந்தன, கிளம்பின.

இன்னொரு பக்கம், அதே 2023 ஜனவரியில் மத்திய அமைச்சரவை தேசிய பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்திருந்தது. ஒதுக்கீடு 19,744 கோடி ரூபாய். ‘பசுமை அம்மோனியா’ என்ற சொல் முதலீட்டு மாநாடுகளிலும் லிங்க்டின் பதிவுகளிலும் இன்றும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பெரியகுப்பத்து ஆட்கள் இந்தச் சொல்லைக் கேட்டால் என்ன நினைப்பார்கள்?

பசுமை அம்மோனியாவில் எது பசுமை?

அம்மோனியா என்பது நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்தது. நைட்ரஜன் காற்றில் கிடைக்கும். ஹைட்ரஜனை வழக்கமாக இயற்கை எரிவாயுவில் இருந்து பிரிக்கிறார்கள். அப்போது ஏராளமாக கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். அதற்குப் பதிலாக சூரிய ஒளி அல்லது காற்றாலை மின்சாரத்தால் தண்ணீரைப் பிளந்து ஹைட்ரஜன் எடுத்தால், அது பசுமை அம்மோனியா. கார்பன் குறைவது உண்மை. அதை யாரும் மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் குழாய்க்குள் ஓடுவது அதே அம்மோனியாதான். கசிந்தால் அதே நெடி, அதே மூச்சுத்திணறல். ‘பசுமை’ என்ற சொல் அது எப்படித் தயாரானது என்பதைத்தான் சொல்கிறது. எந்த ஊர் வழியாகப் போகிறது, யார் வீட்டருகே இறக்குகிறார்கள் என்பதெல்லாம் அந்தச் சொல்லுக்குள் வராது.

ஃப்ளை ஆஷ் செங்கல் கதையும் இதேதான். நிலக்கரிச் சாம்பலில் செய்த கல், சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று விற்கிறார்கள். களிமண்ணைத் தோண்டி எரிப்பதைவிட நல்லதுதான். ஆனால் அந்தச் சாம்பல் எங்கிருந்து வருகிறது? வட சென்னை அனல்மின் நிலையத்தின் முதல் இரண்டு கட்டங்களில் மட்டும் 1,830 மெகாவாட், பக்கத்தில் வல்லூரில் 1,500 மெகாவாட், 2024 மார்ச்சில் திறந்த மூன்றாம் கட்டத்தில் 800 மெகாவாட். சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் அனுப்புகிறார்கள். அந்தக் குழாய்கள் உடைந்து கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் சாம்பல் படிந்தது பற்றி பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்கே நடந்தது. சாம்பல் குளத்தை ஒட்டியிருக்கும் செப்பாக்கம் கிராமத்தில் காற்றடித்தால் சாம்பல் பறக்கும். அபார்ட்மென்ட் பிரோஷரில் செப்பாக்கம் இருக்காது.

சட்டம் ஒன்றும் இல்லையா?

இருக்கிறது. ‘கிரீன்’, ‘ஈகோ ஃப்ரெண்ட்லி’, ‘சஸ்டைனபிள்’ என்று விளம்பரத்தில் சும்மா போடக்கூடாது, ஆதாரம் காட்ட வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் விதிமுறை வெளியிட்டது. பங்குச்சந்தையில் உள்ள முதல் 1,000 நிறுவனங்கள் ஆண்டுதோறும் ‘பிஆர்எஸ்ஆர்’ என்ற நிலைத்தன்மை அறிக்கை தர வேண்டும் என்பது செபியின் உத்தரவு.

அறிக்கைகள் இணையத்தில் கிடைக்கின்றன. சிக்கல், அவை ஆங்கிலத்தில் நூற்றுக்கணக்கான பக்கங்கள் நீள்வதுதான். ஒரு திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கேட்கும்போதும் சுருக்கத்தை மட்டும் உள்ளூர் மொழியில் தந்தால் போதும், முழு அறிக்கை தமிழில் வர வேண்டிய கட்டாயம் இல்லை. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரில் இருந்து 6,111 ஏக்கராக விரிவாக்கும் திட்டத்தின் அறிக்கையை எத்தனை மீனவர்கள் உட்கார்ந்து படித்திருக்க முடியும்? அதை யாராவது படித்து, களத்துக்குப் போய்ப் பார்த்து, தமிழில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். படகில் வலை பிரித்துக்கொண்டே கேட்கலாம், மெட்ரோவில் விம்கோ நகர் போகும்போது கேட்கலாம் என்பதால் ஆடியோ இதற்குப் பொருத்தமான வடிவம்.

அப்படியானால் ரேடியோ போதாதா?

போதாது. தனியார் எஃப்.எம். நிலையங்கள் இந்தியாவில் சொந்தமாகச் செய்தி ஒலிபரப்ப முடியாது. சமுதாய வானொலிக்கும் அதே கட்டுப்பாடுதான். ஆல் இந்தியா ரேடியோ செய்தியை மாற்றாமல் அப்படியே போடலாம், அவ்வளவுதான். பாம்பனில் 2016 முதல் ஒலிக்கும் ‘கடல் ஓசை’ 90.4, மீனவர்களுக்கான சமுதாய வானொலி. கடல் வானிலை, கடல்வளம் பற்றியெல்லாம் பேசுகிறது. ஆனால் ‘இந்த ஆலையின் அறிக்கையில் சொன்னது இது, களத்தில் நடந்தது இது’ என்று புலனாய்வுச் செய்தி போட சமுதாய வானொலி உரிமத்தில் இடமில்லை. ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிடம்தான் விளம்பரம், 10 விநாடிக்கு 74 ரூபாய் என்று 2024 இல் திருத்திய கட்டணம். அதில் நிருபருக்குச் சம்பளம் கொடுப்பது கஷ்டம்.

மிஞ்சுவது இணையம். அங்கே எண்ணூருக்கு ஒரு பெரிய முன்னுதாரணம் இருக்கிறது. 2017 ஜனவரியில் வந்த ‘சென்னை புறம்போக்கு பாடல்’. கபேர் வாசுகி எழுத, டி.எம்.கிருஷ்ணா மெட்ராஸ் பாஷையில் கர்நாடக ராகங்களைப் பாட, எண்ணூர் சாம்பல் மேட்டில் படமானது. நித்யானந்த் ஜெயராமன் உள்ளிட்ட செயற்பாட்டாளர்கள் அதன் பின்னால் இருந்தார்கள். ‘புறம்போக்கு’ வசைச்சொல் அல்ல, பொதுச்சொத்து என்று நிறைய பேருக்கு உறைத்தது அந்தப் பாட்டால்தான். ஆனால் ஒரு பாட்டு ஒரு முறைதான் வைரலாகும். அறிக்கைகள் வருஷா வருஷம் வருகின்றன, குழாய்கள் தினமும் ஓடுகின்றன. இதைப் பின்தொடர வாராவாரம் வரும் ஒரு நிகழ்ச்சி வேண்டும்.

சரி, காசு எங்கிருந்து?

ஸ்பான்சர் வாங்கலாமே என்பதுதான் முதலில் வரும் யோசனை. திருவொற்றியூர், மணலி, எண்ணூர் வட்டாரத்தில் கையில் பணமுள்ள ஸ்பான்சர் யார்? எந்த நிறுவனங்களைக் கேள்வி கேட்க வேண்டுமோ, அவர்களேதான். லாபத்தில் 2 சதவீதத்தை சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்ற கம்பெனிச் சட்டம், ஆலை இருக்கும் உள்ளூருக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது. பள்ளிக்கூட பெஞ்ச், மருத்துவ முகாமுக்கு அந்தப் பணம் நல்லது. பாட்காஸ்ட்டுக்கு வந்தால் முதல் எபிசோடோடு கேள்விகள் முடிந்துவிடும்.

கேட்பவர்களே காசு கொடுப்பது புது யோசனை அல்ல. 1949 இல் அமெரிக்காவின் பெர்க்லியில் கேபிஎஃப்ஏ வானொலியைத் தொடங்கிய லூயிஸ் ஹில், விளம்பரமே வேண்டாம், கேட்பவர்களில் 2 சதவீதம் பேர் வருஷத்துக்கு 10 டாலர் கொடுத்தால் நிலையம் ஓடும் என்று கணக்குப் போட்டார். அடுத்த வருஷமே பணமில்லாமல் நிலையம் மூடப்பட்டது. நேயர்கள் நிதி திரட்டியதால் மறுபடி திறந்தது, இன்றும் ஓடுகிறது. இந்தியாவில் 2012 இல் வந்த நியூஸ்லாண்ட்ரி சந்தாவை நம்பியே இயங்குகிறது. அதன் ‘ஹஃப்தா’ பாட்காஸ்ட்டில் சந்தாதாரர் கடிதங்களை, திட்டி எழுதியதையும்கூட, வாசிக்கிறார்கள். ஹைதராபாத்தில் 2018 இல் தொடங்கிய சுனோ இந்தியாவும் நேயர்களிடம் நேரடியாகப் பணம் கேட்கும் பாட்காஸ்ட் நிறுவனம். காலநிலை நெருக்கடி பற்றியும் தனி நிகழ்ச்சி நடத்தியது.

எண்ணூருக்கு ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். மாதம் நிருபருக்கு 30,000, எடிட்டிங்குக்கு 15,000, பயணத்துக்கு 5,000, வக்கீல் ஆலோசனைக்கு 10,000. மொத்தம் 60,000 ரூபாய். ஆளுக்கு 100 ரூபாய் என்றால் 600 பேர் வேண்டும். ஹில்லின் 2 சதவீதக் கணக்குப்படி, 600 பேர் கொடுக்க 30,000 பேர் கேட்க வேண்டும். யூடியூப் மெம்பர்ஷிப் வழியாக வாங்கினால் 30 சதவீதம் அவர்களுக்கு. 600 பேர் 858 ஆகிவிடுவார்கள்.

வக்கீலுக்கு எதற்குப் பத்தாயிரம் என்று கேட்கலாம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆவது பிரிவுப்படி அவதூறு இன்னும் கிரிமினல் குற்றம்தான், இரண்டு வருஷம் வரை சிறைத் தண்டனை உண்டு. ஒரு நோட்டீஸ் வந்தாலே சின்ன டீம் முடங்கிவிடும். ஒவ்வொரு எபிசோடையும் வெளியிடும் முன் சட்டம் தெரிந்தவர் கேட்டாக வேண்டும்.

அந்த மெசேஜ்தான் எதிரி

600 பேரைச் சேர்ப்பதைவிட அவர்களை ஆறு மாதம் தக்கவைப்பது கஷ்டம். ரிசர்வ் வங்கி விதிப்படி, தானாகப் பணம் எடுக்கும் முன் 24 மணி நேர அவகாசத்தில் தகவல் அனுப்ப வேண்டும். 2021 அக்டோபரில் இந்த விதி அமலானபோது, கார்டு வழியாக மாதாமாதம் போய்க்கொண்டிருந்த எத்தனையோ சந்தாக்கள் அறுந்தன. இப்போது யுபிஐ ஆட்டோபே இருப்பதால் சேருவது சுலபம். ஆனால் ‘நாளை 100 ரூபாய் எடுக்கப்படும்’ என்ற மெசேஜ் மாதாமாதம் வரும். மாசக் கடைசியில் அதைப் பார்த்தால் கேன்சல் பட்டனைத் தேடத்தானே தோன்றும்? நுகர்வோருக்கு அது நல்ல விதி. பாட்காஸ்ட்டுக்கு மாதம் ஒரு தேர்வு.

வெளிநாட்டுத் தமிழர்கள் கைகொடுப்பார்களே என்றால், அங்கேயும் கவனம் வேண்டும். வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், மின்னணு வழியில் ஆடியோ செய்தி, நடப்பு நிகழ்வுகள் தயாரிக்கும் அமைப்புகள் வெளிநாட்டுப் பணம் வாங்குவதைத் தடை செய்கிறது. துபாயில் இந்திய பாஸ்போர்ட்டோடு வேலை பார்ப்பவர் தன் சேமிப்பில் இருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. அவருடைய கனடா குடியுரிமை வாங்கிய அண்ணன் அனுப்பினால் ஆகும். ஆக, சிங்கப்பூர், டொராண்டோவில் இருந்து கேட்பவர்கள் அதிகமாக இருந்தாலும் அவர்களில் பலரிடம் கை நீட்ட முடியாது.

கொடுப்பவருக்குப் பிடிக்காததைச் சொன்னால்?

இதையெல்லாம் தாண்டினாலும் ஒரு முள் மிச்சமிருக்கிறது. மாதம் 100 ரூபாய் கொடுக்கக்கூடிய 600 பேர் யார்? பெரும்பாலும் ஓ.எம்.ஆர், கிண்டி, பெங்களூருவில் சம்பளம் வாங்குபவர்கள். துணிப்பை எடுத்துப் போகிறவர்கள், இ-ஸ்கூட்டர் வாங்கியவர்கள், ‘கிரீன்’ சான்றிதழ் பெற்ற அபார்ட்மென்ட்டுக்கு இஎம்ஐ கட்டுபவர்கள். ஆலையைத் திட்டும் எபிசோடைக் கைதட்டிக் கேட்பார்கள். உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் சாம்பலும் ஸ்கூட்டருக்கு ஏறும் மின்சாரத்தில் ஒரு பங்கும் இங்கிருந்து வந்ததுதான் என்ற எபிசோடை? ஸ்பான்சர் பயம் போய் சந்தாதாரர் பயம் வந்துவிடும் அபாயம் நிஜமானது. கேட்பவர் காசில் ஓடும் எந்த ஊடகமும் இதில் இருந்து தப்பியதில்லை.

இதைக் கொஞ்சமாவது சமாளிக்கும் வழிகள் எளிமையானவை. யாரிடமிருந்தும் பெரிய தொகை வாங்காமல் உச்சவரம்பு வைப்பது, வரவு செலவை மாதாமாதம் ஒலியிலேயே படித்துவிடுவது, வரும் திட்டுகளையும் சேர்த்து வாசிப்பது. முக்கியமாக, காசு கொடுத்தால்தான் கேட்கலாம் என்று பூட்டு போடாமல் இருப்பது. பூட்டு போட்டால் சந்தா கூடலாம். ஆனால் எபிசோட் யாரைப் பற்றியதோ அவர்கள் வெளியே நிற்பார்கள். பெரியகுப்பத்தில் அது வாட்ஸ்அப் குரூப்பில் ஆடியோ ஃபைலாகத்தான் போய்ச்சேரும். தப்பு இருந்தால் முதலில் போன் பண்ணிச் சொல்லப் போவதும் அங்கிருந்துதான்.